ட்ராப் போட்டியில் பந்தயப் பணம்: கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

ட்ராப் என்பது பறக்கும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டு உடைக்கும் போட்டி. அதற்கு நுழைவுக் கட்டணம் கட்டிய பிறகு, "ஆளுக்கு ஐநூறு போடுங்க, ஜெயிக்கறவங்க பிரிச்சுக்கலாம்" என்று யாராவது கேட்டால், முதலில் உங்கள் ஸ்கோர் நோட்டைத் திறங்கள்.

கடைசி 20 சுற்றை எடுங்கள். சுற்றுக்கு 25 தட்டு, ஆக 500. உடைந்தவற்றை எண்ணி 5-ஆல் வகுத்தால் உங்கள் சதவீதம். நன்றாகச் சுட்ட நாட்களை மட்டும் பொறுக்கினால் கணக்கு பொய்யாகிவிடும். காற்றும் முக்கியம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் பல்லடம், உடுமலைப் பக்கம் அடிக்கும் காற்றில் தட்டு சொன்ன பாதையில் போகாது. எதிர்க்காற்றில் எழும்பும், பின்காற்றில் அமுங்கும். மாசிச் சராசரியை நம்பி ஆடியில் பணம் கட்டாதீர்கள்.

25-க்கு 25 உடைத்தால்தான் பணம் என்கிற பந்தயம்தான் அதிகம் கரைக்கும். 80 சதவீதம் சுடுகிறவருக்கு முழுச் சுற்று விழ வாய்ப்பு சுமார் 265-ல் ஒன்று. 90 சதவீதம் என்றால் 14-ல் ஒன்று. இருவருக்கும் வித்தியாசம் சுற்றுக்கு இரண்டரைத் தட்டுதான்! சுற்றுக்கு 200 ரூபாய் வைத்தால், 80 சதவீதக்காரர் ஒருமுறை எடுப்பதற்குள் 53,000 ரூபாய் போட்டிருப்பார்.

முதல் மூன்று பேருக்குப் பிரிப்பதும் லேசில்லை. 20 பேர் 500 போட்டால் 10,000. ஏற்பாட்டுக்கு 10 சதவீதம் போனால் மிச்சம் 9,000. எல்லோரும் ஒரே திறமை என்றாலும் தலைக்கு 50 நட்டம். வழக்கமாக 24 உடைக்கிற நாலு பேர் வந்திருந்தால், மற்ற 16 பேர் பணமும் பெரும்பாலும் அவர்களுக்கே.

புதியவருக்கு ஓரளவு நியாயமானது அமெரிக்காவில் புழங்கும் லூயிஸ் முறை. போட்டி முடிந்ததும் ஸ்கோர்களை இறங்குவரிசையில் எழுதி, சம பாகங்களாக வெட்டி, ஒவ்வொரு பாகத்தின் முதலாளுக்கும் பரிசு. 20 பேருக்கு நாலு பாகம் என்றால் 18, 19 உடைத்தவரும் எடுக்கலாம். தகராறு வருவது வெட்டுக்கோட்டில் ஒரே ஸ்கோர் நிற்கும்போது. அதில் அதிகம் பேர் எந்தப் பாகமோ அங்கே அத்தனை பேரையும் சேர்ப்பார்கள். சரிபாதியாக நின்றால் என்ன செய்வது என்பதை முதல் தட்டு பறக்கும் முன்பே எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

இரண்டு பேருக்குள் வாய்வார்த்தையாகக் கட்டும் பந்தயம் வேண்டவே வேண்டாம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி அது செல்லாது. தோற்றவர் கொடுக்க மறுத்தால் கோர்ட்டில் கேட்க முடியாது. துப்பாக்கி கையில் இருக்கும் இடத்தில் பணச்சண்டை வரவே கூடாது.

தோட்டாவுக்கு முதலில் ஒதுக்குங்கள். சர்வதேச ட்ராப்பில் தகுதிச் சுற்றுகளில் ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம் என்பதால், 125 தட்டுக்கு 250 தோட்டா வரை ஆகும். தோட்டாவில் ஈயம் 24.5 கிராமுக்கு மேல் கூடாது. அதற்குப் பிறகு கையில் நிற்பதில்தான் பந்தயப் பேச்சே.