பொக்காராவில் பாராகிளைடிங்: திட்டமிடும்போதே நேரும் தவறுகள்

நேபாளத்தின் பொக்காராவுக்குச் செல்வோர் பலரும், துணி இறக்கையில் தொங்கியபடி காற்றில் மிதக்கும் பாராகிளைடிங்கைப் பயணத்தின் கடைசி நாளுக்கு ஒதுக்கிவைக்கின்றனர். திட்டத்தில் நேரும் பெரிய தவறு இதுதான். பறப்பதா வேண்டாமா என்பதைக் காற்றும் மேகமும்தான் முடிவு செய்யும். மறுநாள் காலையில் காத்மாண்டு திரும்ப வேண்டியவருக்கு, மழையால் தள்ளிப்போன வாய்ப்பு மீண்டும் கிடைக்காது. ஊர் சேர்ந்த மறுநாளே பறக்கப் பதிவு செய்து, அடுத்த ஓரிரு நாட்களை மாற்றாக வைத்துக்கொள்வதே சரி.

மாதத்தைக் கவனிக்காமல் விடுமுறையை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழைக் காலம். நேபாளத்திலேயே மிக அதிகமாக மழை பெய்யும் பகுதிகளில் பொக்காராவும் ஒன்று. நம்மவர்கள் பள்ளி விடுமுறையை ஒட்டிச் செல்லும் ஏப்ரல், மே மாதங்களில் தூசும் புகையும் மலைகளை மறைப்பதுண்டு. பிற்பகலில் இடிமழையும் வரும். அன்னபூர்ணா தொடரும், 6,993 மீட்டர் உயர மச்சாபுச்சரே சிகரமும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் அக்டோபர், நவம்பர் மாதங்களே உகந்தவை.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் குழம்புகிறார்கள். அதிகாலையில் மலைகள் பளிச்சென்று தெரியும் என்பது உண்மை. ஆனால் பறக்கத் தொடங்கும் சாரங்கோட் பகுதியின் மலைச்சரிவு, கீழேயுள்ள பேவா ஏரியைவிடப் பல நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது; தெற்கு நோக்கிய அந்தச் சரிவில் வெயில் விழுந்து, சூடான காற்று மேலெழத் தொடங்கினால்தான் இறக்கை உயரம் பிடித்து நெடுநேரம் மிதக்கும். அதற்கு முன்பே புறப்பட்டால் ஏரிக்கரை நோக்கிச் சறுக்கி இறங்குவதோடு பறத்தல் முடிந்துவிடும். சூரிய உதயத்தைச் சாரங்கோட்டில் நின்று பார்த்துவிட்டு, முற்பகலில் பறப்பது நல்லது. மேலெழும் காற்றில் வட்டமிடும்போது சிலருக்குக் குமட்டும் என்பதால் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள்.

கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பைலட்டுக்கு இருவர் பறக்கும் டேண்டம் உரிமம் உண்டா, அவசரத்துக்கு விரிக்கும் ரிசர்வ் பாராசூட் இருக்கிறதா, பறக்க முடியாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பவற்றை முன்பே கேளுங்கள். உடல் எடையைக் குறைத்துச் சொல்லவே கூடாது. இறக்கையின் அளவே அதைக் கொண்டுதான் தீர்மானிக்கப்படுகிறது. காற்று சரியில்லை என்று பைலட் காத்திருந்தால், பணம் கட்டிவிட்டோமே என்று அவரை அவசரப்படுத்துவதைப் போல ஆபத்தான செயல் வேறில்லை.

புறப்படும்போது பெரும்பாலானோர் இரண்டடி ஓடியதும் இருக்கையில் உட்கார முயல்கிறார்கள். கால் தரையை விட்டு எழும்பிய பிறகும் பைலட் சொல்லும்வரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குச் செருப்பு உதவாது, கயிறு கட்டிய ஷூ தேவை.

பயணக் காப்பீடு பெரும்பாலும் சாகச விளையாட்டுகளை உள்ளடக்காது. பாலிசியில் பாராகிளைடிங் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று படித்துப் பாருங்கள். இந்தியருக்கு நேபாளம் செல்ல விசா தேவையில்லை. ஆனால் விமானத்தில் செல்லும் பெரியவர்கள் ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாமல், பாஸ்போர்ட்டையோ வாக்காளர் அடையாள அட்டையையோ எடுத்துச் செல்ல வேண்டும்.