எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் தீவிர வலதுசாரிகள் ஊர்வலம் அறிவிக்கும்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் புது முகங்கள் சேருகின்றன. தமிழ்ப் பிள்ளைகளும் நிறையப் பேர் வருகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் பழைய தவறுகளும் அப்படியே கூட வருகின்றன. தண்ணீர் கொண்டு வராதது, போனைச் சார்ஜ் போட மறந்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் ஒரு தடவை பட்டால் தானாகத் தெரிந்துவிடும்.

எச்சரிக்கை என்று சொல்லி அவர்கள் வேலையைச் செய்து கொடுப்பது

இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது.

2024 ஜூலை 29 அன்று வடமேற்கு இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில், ஒரு நடன வகுப்பில் மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். சில மணி நேரத்துக்குள், கொன்றவன் படகில் வந்த முஸ்லிம் அகதி என்று ஒரு பொய்ப் பெயரோடு செய்தி பரவியது. உண்மையில் அவன் கார்டிஃபில் பிறந்த 17 வயதுப் பையன். மறுநாளே தீவிர வலதுசாரிக் கும்பல் ஒன்று அந்த ஊர்ப் பள்ளிவாசலைத் தாக்கியது. ஆகஸ்ட் 4 அன்று ராதரம் அருகே, அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். அப்புறம் டெலிகிராமில் ஒரு பட்டியல் வந்தது. ஆகஸ்ட் 7 புதன்கிழமை இரவு குறிவைக்கப்போகும் இடங்கள் என்று, குடிவரவு வழக்கறிஞர் அலுவலகங்களின் முகவரிகள் அதில் இருந்தன.

அந்தப் பட்டியல் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்து சேர்ந்தது. "அவசரம், எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்று மேலே ஒரு வரி. கைமாறும்போதெல்லாம் யாரோ ஒருவர் தனக்குத் தெரிந்த ஒரு தெருவைச் சேர்த்துவிட்டார். மத்தியானத்துக்குள் கிழக்கு லண்டனில் நாங்கள் இருக்கும் ஈஸ்ட் ஹாம் முழுவதுமே ஆபத்து என்ற மாதிரி ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்த கடைக்கார அண்ணா ஒருவர் மூன்று மணிக்கே ஷட்டரை இறக்கி, வேலை செய்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார். அவர்களுக்கு அந்த நாள் சம்பளம் பாதிதான். முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கும் ஒரு அக்கா பயந்து வேலைக்கே போகவில்லை. அண்ணாவின் தெரு மூலப் பட்டியலில் இல்லவே இல்லை. அவருக்கு அதை அனுப்பியது எங்கள் கூட்டங்களுக்கு ஆர்வமாக வந்துகொண்டிருந்த ஒரு தங்கச்சி. கேட்டால், "சனத்தைக் காப்பாற்றத்தானே அனுப்பினேன்" என்றாள்.

நோக்கத்தில் குறை இல்லை. ஆனால் அந்தக் கும்பல் ஈஸ்ட் ஹாமுக்கு வர வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. பயந்து கடை பூட்டியாயிற்று, தெரு காலியாயிற்று. அவர்களுக்கு வேண்டியதும் அதுதானே?

அதே இரவு லண்டனின் இன்னொரு பகுதியான வால்தம்ஸ்டோவில் ஆயிரக்கணக்கான மக்கள் தெருவை நிறைத்தார்கள். வலதுசாரிகள் வரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மக்களை வெளியே கொண்டுவந்ததும் இதே பட்டியல் பற்றிய செய்திதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் கைக்குப் போனது எங்கே, எத்தனை மணிக்குக் கூடுகிறோம், யார் கூப்பிடுகிறோம் என்று சொன்ன அழைப்பு. எங்கள் குழுக்களில் ஓடியது வெறும் பயம்.

அதனால் ஏதாவது வந்தால் முதலில் யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். ஒரு முகவரி இருந்தால் அந்த முகவரிக்கே போன் போட்டுச் சொல்லுங்கள், ஐந்நூறு பேர் இருக்கும் குழுவில் போடாதீர்கள். பொய்யை மறுக்கும்போது அந்தப் பொய்யின் ஸ்க்ரீன்ஷாட்டை ஒட்டாதீர்கள். உண்மையை முதல் வரியில் எழுதினால் போதும். அவர்களுடைய பதிவின் கீழே போய்ச் சண்டை பிடிப்பதும் வேண்டாம். கோபமான பதில் ஒவ்வொன்றும் அந்தப் பதிவை இன்னும் நாலு பேருக்குக் காட்டத்தான் உதவுகிறது. தவறாக அனுப்பிவிட்டீர்களா? சத்தமில்லாமல் அழித்தால் போதாது. அனுப்பிய குழுவிலேயே "அது தவறு" என்று எழுதுங்கள்.

கூட்டம் முடிந்ததும் காணாமல் போவது

1993 செப்டம்பரில் கிழக்கு லண்டனின் மில்வால் வட்டாரத்தில் தீவிர வலதுசாரிகளான பிரிட்டிஷ் தேசியக் கட்சியைச் சேர்ந்த ஒருவர் 7 வாக்கு வித்தியாசத்தில் கவுன்சிலர் ஆனார். அடுத்த மே மாதம் தோற்றார். இதற்கிடையில் அவருடைய வாக்கு ஒன்றும் குறையவில்லை, கூடத்தான் செய்தது. ஆனால் அவரை வேண்டாம் என்றவர்கள் அதைவிட அதிகமாக வந்து வாக்களித்தார்கள். வீடு வீடாகப் போய் வங்காளிக் குடும்பங்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்து, வாக்குச்சாவடிவரை கூட்டிப்போனவர்கள் செய்த வேலை அது. அதை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. கோஷம் போட ஐம்பது பேர் வரும் இடத்தில் கதவு தட்ட ஐந்து பேர் கிடைப்பதில்லை.

பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கேட்காமல் போஸ்டர் அடிப்பது

கேளுங்கள். வேண்டாம் என்றால் விடுங்கள்.

பெரியவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று நினைப்பது

1980 ஜூலையில் ஈஸ்ட் ஹாம் தெருவில் அக்தர் அலி பெய்க் என்ற இளைஞர் இனவெறிக்குப் பலியானபோது, பொலிஸ் நிலையத்தை நோக்கி ஊர்வலம் போனவர்கள் அன்றைய இளைஞர்கள். அந்த ஆண்டுதான் நியூஹாம் கண்காணிப்புத் திட்டம் என்ற அமைப்பு தொடங்கியது. ஈஸ்ட் ஹாம் இருப்பது நியூஹாமில்தான். தாக்குதல்களைப் பதிவு செய்வது, பொலிஸை விடாமல் கேள்வி கேட்பது என்று பல ஆண்டுகள் வேலை பார்த்தார்கள். அந்த ஊர்வலத்தில் நடந்தவர்களில் சிலர் இன்று உங்கள் பேருந்தில் வரும் தாத்தாக்கள். பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

கைதானால் வாய் திறப்பது

"நான் ஒன்றும் செய்யவில்லை, விளக்கிச் சொன்னால் விட்டுவிடுவார்கள்" என்ற நினைப்புத்தான் பிள்ளைகளை மாட்டிவிடுகிறது. வழக்கறிஞரின் எண்ணைப் பேனாவால் கையில் எழுதிக்கொண்டு வாருங்கள், போனைப் பறித்துவிடுவார்கள். அவரிடம் பேசும்வரை எந்தக் கேள்விக்கும் "நோ கமென்ட்". வேனுக்குள் சிநேகமாகப் பேச்சுக் கொடுக்கும் அதிகாரிக்கும் அதே பதில்தான்.

நம் ஆட்களின் முகத்தை நேரலையில் காட்டுவது

பக்கத்தில் நிற்பவருக்கு அகதி வழக்கு நடந்துகொண்டிருக்கலாம். கேமராவைக் கீழே இறக்குங்கள்.

தனியாக வீட்டுக்குப் போவது

வேண்டாம். பதாகையையும் பேட்ஜையும் ரயில் நிலையத்துக்கு முன்னாலேயே பைக்குள் வையுங்கள், இரண்டு பேராவது சேர்ந்து போங்கள், வீட்டுக்குப் போனதும் ஒரு செய்தி போடுங்கள்.