முதலில் கால், அப்புறம் கோல்

சேலத்தில் 18 வருஷமாக வாடகை வண்டி ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரும்பாலும் ஏற்காடு சவாரிதான். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் லேடீஸ் சீட் என்ற காட்சி முனையில் வண்டியை ஓரம் கட்டினால், நான் சாவியை எடுக்கும் முன்பே பின்சீட்டிலிருந்து குரல் வரும்: "அண்ணா, ஒரே ஒரு போட்டோங்ண்ணா." அந்த ஒன்று முப்பதில்தான் போய் நிற்கும். யார் கண்ணை மூடினார், யார் முடி பறந்தது என்று பஞ்சாயத்து முடிவதற்குள் ஆறு ஃபோன் என் கைக்கு வந்து போயிருக்கும். ஆறிப்போன டீயைக் குடித்துக் குடித்து அலுத்துத்தான் ஒரு செல்ஃபி ஸ்டிக் வாங்கிக் கதவுப் பையில் போட்டேன். ஸ்டிக்கைக் கொடுத்தால் தப்பித்தேன் என்று நினைத்தேன். அதை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுக்கும் வேலை புதிதாக வந்து சேர்ந்தது. அங்கே நின்று வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

வாங்கும்போது நீளத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கடைக்காரர் ஒரே இழுப்பில் ஒரு மீட்டருக்கு நீட்டிக் காட்டுவார். பார்க்கத் தூண்டில் மாதிரி கம்பீரமாக இருக்கும். மலைக்காற்றில் தூண்டில் மாதிரியேதான் ஆடவும் செய்யும். இன்றைய ஃபோன் ஏறக்குறைய 200 கிராம் இருக்கிறது. அது கையை விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறதோ, மணிக்கட்டுக்கு அவ்வளவு கனம். நான் பார்ப்பது இரண்டே விஷயம். ஒன்று, ஃபோனைக் கவ்வும் இடுக்கி. கடையிலேயே உங்கள் ஃபோனை மாட்டுங்கள். தலைகீழாகப் பிடித்து, அடியில் இன்னொரு கையை ஏந்திக்கொண்டு நாலு உலுக்கு உலுக்குங்கள். கொஞ்சம் நகர்ந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடலாம். இரண்டாவது, கணுக்கள், அதாவது ஒன்றுக்குள் ஒன்று போகும் குழாய்த் துண்டுகள். முழுதாக நீட்டி, நுனியை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். தானாக உள்ளே வழுக்கினால் ஃபோனின் கனத்தை அது தாங்காது. அடியில் மூன்று காலாக விரியும் வகையும் வருகிறது. பாட்டியும் பேரப்பிள்ளைகளுமாகப் போகிற குடும்பத்துக்கு அதுதான் சரி.

பழைய ஸ்டிக்குகளில் ஒரு வயர் வந்து ஹெட்ஃபோன் ஓட்டையில் சொருகும். இப்போது பல ஃபோன்களில் அந்த ஓட்டையே இல்லை, ஆகவே ப்ளூடூத் ரிமோட்தான். ரிமோட்டின் பட்டனை விளக்கு மினுக்கும் வரை அழுத்திப் பிடித்து, ஃபோனில் ப்ளூடூத் பட்டியலைத் திறந்து இணைத்துக்கொள்ள வேண்டும். இதை அடிவாரத்திலேயே முடித்துவிடுங்கள். மேலே போய் எல்லோரையும் வெயிலில் நிற்க வைத்துவிட்டு ஃபோனைக் குடைந்துகொண்டிருந்தால், முதல் படத்திலேயே ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இருக்காது.

அந்த ரிமோட் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஃபோனிடம் "சத்தத்தைக் கூட்டு" என்கிறது, அவ்வளவுதான். கேமரா திறந்திருந்தால் ஃபோன் அதைப் "படம் எடு" என்று எடுத்துக்கொள்ளும். திறக்காவிட்டால் சத்தமே கூடும். ஒரு தடவை ஒன்பதாவது வளைவில் வண்டியை ஒடிக்கும்போது பாட்டு திடீரென்று அலறியது. பின்சீட்டுப் பொடியன் ரிமோட்டை வைத்து விளையாடியிருக்கிறான். அவன் அப்பாவின் ஃபோன் வண்டி ஸ்பீக்கரோடு இணைந்திருக்கிறது. பட்டனை அழுத்தியும் படம் விழாமல் சத்தம் மட்டும் கூடினால், கேமரா செட்டிங்ஸில் வால்யூம் பட்டனுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். அதைப் படம் எடுக்கும்படி மாற்றினால் சரியாகிவிடும்.

ஃபோனை மாட்டுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது, இதைச் சொல்லாமல் விடமாட்டேன். ஒருமுறை ஒன்பது பேர் கொண்ட குடும்பம் வரிசையாக நின்று, தோளில் கை போட்டு, சேலை மடிப்பைச் சரிசெய்து தயாரானார்கள். பட்டனை அழுத்தப் போகும்போது திரை அணைந்தது. மறுபடி திறந்தார்கள், மறுபடி அணைந்தது. "ஸ்டிக்கு ரிப்பேருங்ண்ணா" என்று என்னிடமே நீட்டினார்கள். வாங்கிப் பார்த்தால், இடுக்கியின் ரப்பர் பல் சரியாகப் பவர் பட்டன் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஃபோனைப் படுக்கை வாட்டில் மாட்டும்போது ஓரத்துப் பட்டன்கள் எல்லாம் இடுக்கிக்கு நேராக வந்துவிடும். இரண்டு விரற்கடை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிக் கவ்வ வையுங்கள். சரிநடுவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பர்ஸ் மாதிரி மூடுகிற உறையையும் வழவழப்பான பிளாஸ்டிக் உறையையும் கழற்றிவிடுவது நல்லது, அவை இடுக்கியிலிருந்து நழுவும். கைக்கயிறு இருந்தால் மாட்டிய பிறகுதான் ஸ்டிக்கை நீட்ட வேண்டும்.

நீட்டும்போது அடியில் இருக்கும் தடித்த கணுக்களை முதலில் இழுங்கள். நுனியில் இருக்கும் ஒல்லிக் கணுதான் ஆடும். முடிந்தவரை அதை உள்ளேயே விட்டுவிடுங்கள். நாலு பேர் வரை பாதி நீளமே தாராளம்.

இனிமேல்தான் முக்கியமான சமாச்சாரம். மலையில் வண்டியை நிறுத்தினால் கைப்பிரேக் போடாமல் நாங்கள் இறங்குவதில்லை. இதற்கும் அதுவேதான். நிற்கும் இடத்தை முதலில் பாருங்கள். பின்னால் திரும்பி, பள்ளம் எத்தனை அடியில் இருக்கிறது, காலடியில் சறுக்கும் சருகு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பாதம் இரண்டையும் ஊன்றுங்கள். அதற்கப்புறம் ஸ்டிக்கை நீட்டுங்கள். ஸ்டிக் கையில் இருக்கும்போது எல்லோரும் திரையைப் பார்த்தபடியே ஒரு அடி, இன்னொரு அடி என்று பின்னால் நகர்கிறார்கள். இடம் போதாவிட்டால் கையை நகர்த்துங்கள், ஸ்டிக்கைச் சாயுங்கள். கால் மட்டும் அசையக் கூடாது. கால் நகர்ந்தே ஆக வேண்டுமென்றால் ஸ்டிக்கை மடக்கிவிட்டு நகருங்கள். என் வண்டியில் வருகிறவர்களிடம் இந்த ஒன்றில் மட்டும் நான் கறாராக இருப்பேன்.

கோணத்துக்கு நான் சொல்கிற கணக்கு எளிது. பின்னால் பள்ளம் இருந்தால் ஃபோன் மேலே, பின்னால் உயரம் இருந்தால் ஃபோன் கீழே. லேடீஸ் சீட்டில் உங்களுக்குப் பின்னால் இருப்பது சேலம் சமவெளியும் வளைந்து வரும் சாலையும். இரண்டுமே காலுக்குக் கீழே கிடக்கின்றன. கண் மட்டத்தில் ஃபோனைப் பிடித்தால் தலைகளுக்குப் பின்னால் வெறும் வானம்தான் விழும். அந்த வானம் அஸ்தம்பட்டி மொட்டை மாடியிலும் கிடைக்கும். ஃபோனைத் தலைக்கு மேலே இரண்டு முழம் தூக்கிக் கீழே சாய்த்துப் பாருங்கள், தோள்களுக்கு இடையில் ஊர் தெரியும். காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களுக்கு இது தலைகீழ். ஸ்டிக்கை இடுப்புக்குக் கீழே இறக்கி மேலே அண்ணாந்தாற்போல் சாய்த்தால், மரம் முழு உயரத்தில் வரும். அப்போது தாடைக்கு அடியில் சதை தெரிகிறதே என்று என் அக்கா மாதிரி சிலர் கோபிப்பார்கள். மரம் வேண்டுமா, தாடை வேண்டுமா என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

படத்தில் ஸ்டிக் தெரிகிறதே என்பது அடுத்த புகார். பக்கவாட்டில் நீட்டினால் குறுக்கே கம்பு தெரியத்தான் செய்யும். லென்ஸ் உங்களைப் பார்க்கிற அதே கோட்டில் கம்பும் இருக்க வேண்டும். பிடித்த கையை மார்புக்கு நேராக, படத்தின் அடி விளிம்புக்குக் கீழே இறக்கினால் கம்பு குறுகி மறைந்துவிடும். பிடிக்கிறவர் ஓரத்தில் நிற்காமல் நடுவில் நின்றால் இன்னும் வசதி.

முன்பக்கக் கேமரா அகலமாகப் பார்க்கிற லென்ஸ் என்பதால் ஓரத்தில் நிற்பவர்களை இழுத்துக் காட்டும். ஒல்லிப்பிச்சானும் ஓரத்தில் நின்றால் பூசணிக்காய்தான். குழந்தைகளையும் உடம்பு கனத்தவர்களையும் நடுவில் விடுங்கள். ஓரத்துக்கு இரண்டு ஒல்லி ஆட்கள் கிடைத்தால் பாக்கியம்.

கண் எங்கே பார்க்க வேண்டும்? லென்ஸை. ஆனால் எல்லோரும் திரையில் தங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஃபோன் படுக்கை வாட்டில் இருக்கும்போது லென்ஸ் ஒரு ஓரத்துக்குப் போய்விடுவதால், குடும்பமே யாரோ கடன்காரன் வருவதைப் பார்ப்பது போல ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். என் மனைவி கண்டுபிடித்த வைத்தியம் இது: ஒரு சின்ன ஸ்டிக்கர் பொட்டை லென்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, "எல்லாரும் பொட்டைப் பாருங்க" என்று சொல்வது. குழந்தைகூடச் சரியாகப் பார்க்கும். பொட்டை லென்ஸ் மேலேயே ஒட்டி முழுதும் சிவப்பாக எடுத்த ஆளையும் பார்த்திருக்கிறேன்.

பொட்டு, ரிமோட் என்று இன்று பேசுகிறோம். இந்தக் கோலே பழசு என்று பெங்களூரிலிருந்து வந்த ஒரு கேமரா பிரியர் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். மினோல்டா கேமரா கம்பெனியில் இருந்த ஹிரோஷி உவேடா என்ற ஜப்பானியர் 1983-லேயே நீளும் கம்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். பாரிஸில் லூவ்ரு அருங்காட்சியகத்தில் ஒரு பையனிடம் கேமராவைக் கொடுத்து மனைவியோடு நின்றபோது, அவன் கேமராவோடு ஓடிவிட்டானாம். அந்தக் காலத்தில் திரை ஏது? கேமராவின் முகப்பில் நம் வண்டி சைடு மிர்ரர் மாதிரி ஒரு சின்னக் குவிந்த கண்ணாடி வைத்திருக்கிறார்கள், அதில் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அப்போது சரக்கு விற்கவில்லை. உலகம் அதை வாங்க 30 வருஷம் ஆயிற்று. ஃபோனை வாங்கிக்கொண்டு ஓடாமல் நிற்கிற ஓட்டுநர் அவருக்குக் கிடைத்திருந்தால் இந்தக் கோலே பிறந்திருக்காது.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் முகம் கரியாக விழும். ஸ்டிக்கை நீட்டும் முன்பே திரையில் ஒரு முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள். நீட்டிய பிறகு விரல் எட்டாது. பனிமூட்டம் வந்தால் பின்னால் எல்லாம் வெள்ளைத் துணியாகிவிடும். அப்போது தூரத்துக் காட்சிக்கு ஆசைப்படாமல் கைக்கெட்டும் காபிச் செடியையோ மிளகுக் கொடி ஏறிய மரத்தையோ பக்கத்தில் சேர்த்துக்கொண்டால் படம் நன்றாகவே வரும். ஏசி போட்டு ஏறிவந்த வண்டியிலிருந்து இறங்கினால் லென்ஸில் ஆவி படியும். சட்டை நுனியால் துடைத்துவிட்டு இரண்டு நிமிஷம் பொறுங்கள்.

எங்கே நீட்டக் கூடாது என்பதும் பாடம்தான். பகோடா பாயின்ட்டில் காற்று பலம். அங்கே ஸ்டிக்கைக் குட்டையாகவே வைத்து இரண்டு கையாலும் பிடியுங்கள். கிளியூர் அருவியில் பாறை வழுக்கும், ஒரு கை எப்போதும் பிடிமானத்துக்கு வேண்டும். அங்கே ஸ்டிக் பையிலேயே இருக்கட்டும். 5,326 அடி உயரத்தில் இருக்கும் சேர்வராயன் கோயிலில் குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். சாமி கும்பிட வந்தவர் முதுகில் கம்பால் இடிக்காதீர்கள், வெளியே பரந்த மேட்டில் வேண்டிய மட்டும் எடுக்கலாம். ஏரியில் படகில் எழுந்து நிற்காதீர்கள். குரங்கு இருக்கிற இடத்தில் நீட்டிய கம்பின் நுனியில் ஃபோனை ஆட்டுவது, பழத்தைக் காட்டிக் கூப்பிடுவது போலத்தான். ஏப்ரல், மே மாதத்தில் மத்தியானத்துக்கு மேல் இடி உறுமினால் உடனே மடக்கிவிட்டு வண்டிக்குள் வந்துவிட வேண்டும். ஓடும் வண்டியின் ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் நான் வண்டியை நிறுத்திவிடுவேன்.

இன்னொன்று, இது மலைக்கு இல்லை, ஊருக்கு. சேலம் ஜங்ஷனில் ரயிலோடு படம் எடுக்கிறேன் என்று ஸ்டிக்கை உயர்த்தாதீர்கள். தண்டவாளத்துக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. தொட வேண்டும் என்பதில்லை, உலோகக் கம்பு நெருங்கினாலே பாயும்.

வேலை முடிந்ததும் ஈரத்தைத் துடைத்து, கணுக்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுங்கள். சேலம் வெயிலில் டேஷ்போர்டு மேல் போட்டுவைத்தால் ரிமோட் பேட்டரியும் கெடும், இடுக்கி ரப்பரும் பிசுபிசுக்கும். கிளம்பும் முன் ஸ்டிக், ஃபோன் இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். ஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஃபோனை லேடீஸ் சீட் பெஞ்சில் விட்டுவந்தவர்கள் உண்டு. இறங்கும் வழியில் ஞாபகம் வந்து "அண்ணா, திருப்புங்ண்ணா" என்றால், அடுத்த அகலமான வளைவு வரும் வரை நானும் ஒன்றும் செய்ய முடியாது.