மிச்சத் துணியில் பிடிதுணி (மலை ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக)

முந்தானையைப் பிடித்துக் குக்கர் இறக்குபவர்களுக்கும், பழைய பனியனை நாலாக மடித்து இட்லிக் குண்டானைத் தூக்குபவர்களுக்கும் இந்தப் பதிவு. மெஷினில் நூல் கோர்க்க, பாபின் சுற்றத் தெரிந்தால் போதும், ஒரு மதியத்தில் ஜோடி தைத்துவிடலாம்.

முதலில் துணி. வெளிப்பக்கத்துக்குச் சுத்தப் பருத்தி: பழைய பெட்ஷீட், லுங்கி, ஜாக்கெட் தைத்த மிச்சம். உள்ளே வைக்கப் பூத்துவாலையோ ஜீன்ஸோ. (நீலகிரியின் தோடர் பழங்குடியினர் செய்யும் பூவேலைத் துண்டு கைவசம் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலைப்பாடு, அதில் போய் கரி பிடிக்க வைக்கலாமா?)

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பீரோவைத் திறந்தாலே ஸ்வெட்டர்தான் சரியும். கிழிந்த ஒன்றை உள்ளே வைத்தால் மெத்தென்று இருக்குமே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். 'உல்லன்' என்று வாங்கியதில் நிறைய, அக்ரிலிக் என்ற செயற்கை இழை. சூட்டில் உருகும், கையிலும் ஒட்டும். ஓரத்தில் நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேலே வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். நிஜக் கம்பளியில் முடி கருகும் நாற்றம், தீயை எடுத்ததும் தானே அணைந்துவிடும். இழை உருகிச் சுருண்டு, ஆறியதும் கடுகு மாதிரி கெட்டியாக நின்றால் செயற்கை. பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த டெரிகாட்டனில் சாம்பலும் கெட்டியும் சேர்ந்தே வரும், அதுவும் வேண்டாம்.

நிஜக் கம்பளி கிடைத்தால் விடாதீர்கள். வெந்நீரில் சோப்புப் போட்டுக் கசக்கினால் சுருங்கித் தடிக்கும். உள்துணிக்கு அதற்கு மேல் எதுவும் கிடையாது என்பது என் கட்சி.

எல்லாத் துணியையும் துவைத்துக் காயவைத்த பிறகு ஒரு பிடிதுணிக்கு 8 அங்குலச் சதுரமாக நாலு துண்டு வெட்டுங்கள், வெளிக்கு இரண்டு, உள்ளுக்கு இரண்டு. மூலைகளில் டம்ளரைக் கவிழ்த்து வரைந்து உருட்டி வெட்டிவிடுங்கள். கூர் மூலையில் பட்டி மடிப்பது புதிதாகத் தைப்பவர்களுக்கு வீண் தலைவலி. அடுக்கிக் குண்டூசி குத்தி, மூலைக்கு மூலை பெருக்கல் குறி போல முதல் தையல். பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அங்குலத்துக்கு ஒரு வரி. ஓரத்தில் ஆரம்பித்தால் மேல்துணி நகர்ந்து நடுவில் புடைக்கும். ஊசி 16-ஆம் நம்பர், தையல் கொஞ்சம் பெரிசு. இதற்கு மோட்டாரைவிட மிதிமெஷின்தான் எனக்குப் பிடிக்கும். தடிமனான இடம் வந்தால் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொள்ளலாம்.

மாட்டுவதற்கு 4 அங்குல நாடாவை மடித்து ஒரு மூலையில் வைத்துப் பிடித்துவிடுங்கள்.

இனி ஓரப் பட்டி. படுத்தி எடுக்கிற இடம் இதுதான். 2 அங்குல அகலம், 36 அங்குல நீளம், கட்டாயம் கிராஸாக, அதாவது இழைக்கு மூலைவாட்டில், வெட்டிய துணி. ஒரே துண்டாகக் கிடைக்காவிட்டால் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். நேராக வெட்டியது வளைவில் திரும்பாது. கிராஸ் துணி இழுத்தால் இழுத்த பக்கம் நீளும், அதுதான் சிக்கலும். மூலையில் பட்டியை இழுத்துப் பிடித்துத் தைத்தால் பிடிதுணி தட்டையாக நிற்காமல் குழிந்துகொள்ளும். நேர்ப் பகுதியில் லேசாக இழுக்கலாம். வளைவு வந்ததும் கையைத் தளர்த்தி, ஊசியைத் துணியில் இறக்கியபடியே பாதத்தைத் தூக்கித் திருப்பி, இரண்டு மூன்று தையலாக நகருங்கள். பிறகு பட்டியைப் பின்பக்கம் மடித்துக் கையால் ஹெம்மிங். மெஷினிலேயே முடிக்கலாம்தான், ஆனால் பின்பக்கத் தையல் பட்டியை விட்டு விலகி ஓடும்.

பின்சேர்க்கை: இவ்வளவு தடிமனாகத் தைத்தும் சுடுகிறதே என்று கேட்டிருந்தார்கள். தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருக்கும். துணிக்குள் இருக்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் 20 மடங்குக்கு மேல் வேகமாகச் சூடு கடத்தும். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரியில் துவைத்த துணி நாள்கணக்கில் காயாது. அதனால் இரண்டு ஜோடி தைத்து மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மூன்றாவது அடுக்கு வைக்கலாமா என்றால், வேண்டாம். குக்கர் பிடி கைக்குள் அடங்காது.

காயப்போட அடுப்பு ஓரத்தைத் தேடாதீர்கள். ஃபிரிட்ஜின் பக்கவாட்டைத் தொட்டு, வெதுவெதுப்பாக இருந்தால் அங்கே ஒரு கொக்கி ஒட்டி மாட்டிவிடுங்கள்.