சராசரி மதிப்புத் தேற்றம்: ‘சி’யைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு வண்டி 2 மணி நேரத்தில் 150 கிலோமீட்டர் போனால் சராசரி வேகம் 75. வழியில் எப்படி ஓட்டியிருந்தாலும், ஏதோ ஒரு கணத்தில் அதன் வேகம் சரியாக 75 ஆக இருந்தே தீரும். தேற்றம் சொல்வது இவ்வளவுதான். வளைவின் இரு முனைகளைச் சேர்க்கும் நேர்கோடுதான் நாண்; அதன் சாய்வுதான் சராசரி வேகம் போன்றது. வகைக்கெழு அந்தச் சாய்வுக்குச் சமமாகும் உட்புள்ளியைத்தான் ‘சி’ என்கிறோம். சில புத்தகங்களில் இதையே இடைமதிப்புத் தேற்றம் என்பார்கள். வகைக்கெழு எடுக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராகக் கணக்குக்கு வருகிறேன்.

சார்பு எக்ஸ்³ − எக்ஸ். இடைவெளி 0 முதல் 2 வரை.

படி 1: நிபந்தனை. பல்லுறுப்புக் கோவை என்பதால் எங்கும் தொடர்ச்சியானது, எங்கும் வகையிடலாம். ஒரு வரி போதும்.

படி 2: நாணின் சாய்வு. 0-வில் மதிப்பு 0, 2-ல் மதிப்பு 6. ஆக 6/2 = 3.

படி 3: வகைக்கெழு 3எக்ஸ்² − 1. இதை 3-க்குச் சமப்படுத்தினால் எக்ஸ்² = 4/3, அதாவது எக்ஸ் = ±2/√3, ஏறத்தாழ ±1.155. மைனஸ் விடை இடைவெளிக்கு வெளியே இருப்பதால் அதை விட்டுவிடலாம். ஏன் விட்டோம் என்பதையும் எழுதுங்கள். சி = 2/√3.

சரி, இப்போது நான் மாட்டிக்கொண்ட இடம். சார்பு √எக்ஸ், இடைவெளி 0 முதல் 4. வகைக்கெழு 1/(2√எக்ஸ்). 0-வைப் போட்டால் கீழே பூஜ்ஜியம் வருகிறது. உடனே ‘தேற்றம் பொருந்தாது’ என்று எழுதி மதிப்பெண்ணை இழந்தேன். மூடிய இடைவெளியில் (முனைகளும் சேர்த்து) தொடர்ச்சி, திறந்த இடைவெளியில் (முனைகள் நீங்கலாக) வகையிடல் என்றுதான் தேற்றம் கேட்கிறது. ‘மூடிய’, ‘திறந்த’ என்ற இரண்டு சொற்களையும் நான் கவனிக்கவே இல்லை. முனைகளில் வகைக்கெழு தேவையில்லை. சாய்வு 2/4 = 1/2, அதிலிருந்து √சி = 1, சி = 1. அழகாக வருகிறது.

அப்படியானால் தொடர்ச்சி மட்டும் முனைகளிலும் ஏன் வேண்டும்? 0 முதல் 1 வரை எக்ஸ் என்ற நேர்கோட்டை எடுத்து, 1-ல் மட்டும் மதிப்பை 5 என்று மாற்றிவிடுங்கள். நாணின் சாய்வு 5 ஆகிவிடும். உள்ளே எல்லா இடத்திலும் வகைக்கெழு 1-தான். சி கிடைக்காது.

இடைவெளிக்கு உள்ளே வளைவில் ஒரு கூர்முனை இருந்தாலும் இதே கதிதான். மட்டு எக்ஸ், −1 முதல் 2 வரை: சாய்வு 1/3, ஆனால் வகைக்கெழு −1 அல்லது 1 மட்டுமே. 0-வில் இருக்கும் அந்தக் கூர்முனைதான் காரணம்.

படம் வரைய டெஸ்மோஸ் என்ற வரைபடச் செயலி நல்லதுதான். ஆனால் முதல் தடவை வரைபடத் தாளில் செய்து பாருங்கள் என்பேன். நம் முதல் கணக்கின் வளைவை வரைந்து, இரு முனைகளையும் சேர்த்து நாண் போடுங்கள். மூலைமட்டத்தின் ஒரு விளிம்பை நாணோடு பொருத்தி, இன்னொரு விளிம்புக்கு அண்டையாக அளவுகோலை வைத்து, மூலைமட்டத்தை மெல்லக் கீழே நகர்த்துங்கள். வளைவை விட்டு விலகுவதற்குச் சற்று முன், 1.155-க்குப் பக்கத்தில், ஒரே புள்ளியில் தொட்டு நிற்கும். நாணிலிருந்து வளைவு மிகத் தள்ளியிருக்கும் புள்ளி அது. தேற்றத்தின் நிரூபணமும் இப்படியொரு புள்ளியைத்தான் தேடிப் போகிறது.

பின்சேர்க்கை: ‘சி ஒன்றுதான் வருமா?’ என்று சிலர் கேட்டிருந்தீர்கள். குறைந்தது ஒன்று வரும், அதற்கு மேலும் வரலாம். அதே எக்ஸ்³ − எக்ஸ்-ஐ −2 முதல் 2 வரை போட்டுப் பாருங்கள். சாய்வு 12/4, மறுபடியும் 3. அங்கே விட்ட −2/√3 இங்கே இடைவெளிக்குள் இருக்கிறது; இரண்டையும் எழுத வேண்டும்.