வாட்சோவுக்குப் புதிதாக வந்தவர்களே, ஷிர்கெனெஸ் எவ்வளவு தூரம்?

வடக்கு நோர்வேயில் இருக்கும் வாட்சோவில் குடியேறிய முதல் வாரத்திலேயே ஷிர்கெனெஸ் என்ற ஊரின் பெயர் காதில் விழும். எழுத்தில் 'கே' போட்டுத்தான் தொடங்கும், ஆனால் கிர்கெனெஸ் என்று சொன்னீர்களோ, எதிரில் நிற்பவர் கொஞ்ச நேரம் முழிப்பார். ஆஸ்பத்திரி அங்கே, ஒஸ்லோவுக்கு நேராகப் போகும் பெரிய பிளேனும் அங்கேதான். ஆகவே எப்படியும் போய்த்தான் ஆகவேண்டும்.

வரைபடத்தில் பார்த்தால் பக்கத்து ஊர். நிலத்துக்குள் நீண்டு வரும் கடலான வராங்கர் ஃபியோர்டுக்கு இந்தக் கரையில் நாங்கள், அந்தக் கரையில் அவர்கள், இரண்டு விமானநிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 38 கிலோமீற்றர். 39 இருக்கை உள்ள சின்ன டாஷ் 8 பிளேனில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, கீழே கடல் தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். பறப்பது கால் மணித்தியாலம் அளவில்தான், தேத்தண்ணியை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். காரில் போனால் கதை வேறு. ஃபியோர்டைச் சுற்றி வராங்கர்பொட்ன் வரை ஈ75 வீதியில் 50 கிலோமீற்றர், பிறகு ஈ6 இல் 120க்கு மேல். கோடையில் இரண்டேகால் மணித்தியாலம், பனிக்காலத்தில் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ பிளேன்தான் நல்லது என்று நினைப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் வருஷம் ஒஸ்லோ பயணத்துக்கு ஷிர்கெனெஸ் வரைக்கும் ஒன்று, அங்கிருந்து ஒஸ்லோவுக்கு ஒன்று என்று இரண்டு ரிக்கெற்றைத் தனித்தனியாக மலிவாக வாங்கி, நடுவில் 40 நிமிஷம் விட்டேன், பறப்பதே கால் மணித்தியாலம்தானே என்ற தைரியம். காற்று அடித்தது, சின்னப் பிளேன் வரவே இல்லை. புது ரிக்கெற்றும் ஹோட்டலும் என் காசு. இரண்டு பறப்பையும் ஒரே ரிக்கெற்றில் வாங்கியிருந்தால் அடுத்த பிளேனில் ஏற்றிவிடுவது விமானக் கம்பனியின் பொறுப்பு.

ட்ரொம்சோ நகரத்துக்குப் போவதும் இதே கதைதான். நேர்கோட்டில் 420 கிலோமீற்றர் அளவு, நேராகப் பறந்தால் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. ஆனால் இங்கே பிளேன் ஊர் பஸ் மாதிரி, பொட்ஸ்ஃபியோர்ட், மெஹம்ன், ஹாமர்ஃபெஸ்ட் என்று இறங்கி ஏறி இரண்டரை மணித்தியாலம்கூட ஆகலாம். ரிக்கெற் எடுக்கும்போது 'மெல்லொம்லாண்டிங்', அதாவது நடுவில் இறங்கும் இடங்கள், எத்தனை என்று பாருங்கள், தூரத்தைப் பார்த்து ஒரு பிரயோசனமும் இல்லை.

ஆஸ்பத்திரிப் பயணம் என்றால் அழைப்புக் கடிதத்தையும் ரசீதுகளையும் எறிந்துவிடாதீர்கள், 6 மாதத்துக்குள் நோயாளர் பயணச் செலவைக் கவனிக்கும் 'பாசியென்ட்ரைசர்' இடம் விண்ணப்பித்தால் உங்கள் பங்கு போக மிச்சம் திரும்பி வரும். அப்புறம், கரையோரக் கப்பலும் இருக்கிறது. ஷிர்கெனெஸ் நோக்கிப் போகும்போது மட்டும்தான் வாட்சோவில் நிற்கும், திரும்பும்போது நிற்காது. அது தெரியாமல் போக வர இரண்டுக்கும் கப்பலை நம்பிப் போகாதீர்கள்.