பெரிய வாளும் வேண்டும், கேடயமும் வேண்டும் என்றால்
நான் நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பு (2014 விதிகள்) கதாபாத்திர ஆட்டத்தில் ஒருவர் கிரேட்ஸ்வோர்டும் கேடயமும் சேர்த்தே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்த வாளை வீச இரண்டு கையும் வேண்டும். வெட்டும்போது மட்டும் கேடயத்தைக் கழற்றலாமே என்றால், கழற்றவே அந்தச் சுற்றின் முக்கியச் செயலான ஒரு ஆக்‌ஷன் போய்விடும். விட்டுக்கொடுத்தால் ஏசியில் (எதிரியின் அடி படாமல் காக்கும் எண்) 2 இலவசம், அப்புறம் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? சரி, ஒரு கையால் வீசக்கூடிய லாங்ஸ்வோர்டின் கணக்கையே கொடுத்து, பார்க்க மட்டும் ஆளுயர வாள் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். சேதத்துக்கு எட்டுமுகப் பகடை ஒன்று, டூயலிங் ஸ்டைல் (ஒரு கை ஆயுதச் சண்டைப் பாணி) எடுத்ததால் கூட 2, ஆக சராசரி 6.5, கிரேட்ஸ்வோர்டின் இரண்டு ஆறுமுகப் பகடைக்கு 7. அரைப் புள்ளிதான் குறைகிறது, கேடயமும் கையிலேயே இருக்கிறது. கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற சிறப்புத் திறனின் கூடுதல் 10 சேதம் மட்டும் கிடையாது, அது ஹெவி (கனமான) வகை ஆயுதங்களுக்குத்தான்.